அடக்கத்தின் ஆர்ப்பாட்டம்: ‘பாட்ஷா’வுக்காக ஒரு வாதம்

1995 பொங்கலையொட்டி வெளிவந்த ‘பாட்ஷா’வைப் பற்றி இரண்டு விதமான பேச்சு இன்றுவரை ஓயவில்லை. தொலைக்காட்சியில் எப்போது போட்டாலும், எந்த இடத்திலிருந்து பார்க்கத் தொடங்கினாலும், முடியும்வரை எழுந்திருக்காதவர்கள் ஒரு பக்கம். அதை நல்ல சினிமா என்று சொன்னாலே முகம் சுளிப்பவர்கள் மறு பக்கம். சுளிப்பவர்கள் அடுக்கும் குறைகள் நமக்குப் பழக்கமானவை: கதை இந்திப் படத்திலிருந்து வந்தது, நாயகனுக்குக் கொடுக்கும் பில்டப் அளவு மீறியது, லாஜிக் பல இடங்களில் இடிக்கிறது, ரவுடியைத் தெய்வமாக்குகிறது, ரஜினிகாந்தைக் கழித்துவிட்டால் மிச்சம் ஒன்றுமில்லை. இதற்கு ரசிகர்கள் சொல்லும் பதிலோ பெரும்பாலும் தோல்வியை ஒப்புக்கொள்வதுபோல இருக்கிறது. மசாலாப் படம்தானே, மூளையைக் கழற்றி வைத்துவிட்டுப் பாருங்கள் என்கிறார்கள். குறை சொல்பவர்களைவிட இந்தப் பதில்தான் படத்துக்கு அதிக அநீதி செய்கிறது. ‘பாட்ஷா’ கவனமாக யோசித்துக் கட்டப்பட்ட படம். அதன் பலம் ஆர்ப்பாட்டத்தில் இருப்பதாக இரு தரப்பும் நினைக்கின்றன. அந்த ஆர்ப்பாட்டத்தை அது எவ்வளவு நேரம், எவ்வளவு பொறுமையாக அடக்கி வைத்திருக்கிறது என்பதில்தான் பலம் இருக்கிறது என்பது என் வாதம்.

முதலில் கதை அமைப்பைப் பார்ப்போம். மாணிக்கம் சென்னையில் ஆட்டோ ஓட்டுகிறவன். அம்மா, தம்பி, தங்கைகள் என்று ஒரு குடும்பத்தைத் தூக்கி நிறுத்துவதே அவன் வேலை. தம்பி சிவா போலீஸ் அதிகாரி ஆகிறான். எந்தச் சண்டை வந்தாலும் மாணிக்கம் கை கூப்பி விலகுகிறான். ஆட்டோ ஓட்டுநர்களின் கொண்டாட்டப் பாட்டோடு நாயகன் அறிமுகமாகிவிட்டாலும், அதன் பிறகு வெகுநேரத்துக்கு அவனிடமிருந்து ஓர் அடி, ஒரு சவால், ஓர் அதட்டல்கூட வருவதில்லை. 1992-ல் ‘அண்ணாமலை’, 1994-ல் ‘வீரா’ என்று இதே இயக்குநர் சுரேஷ் கிருஷ்ணாவோடு அடுத்தடுத்து வெற்றி கண்டிருந்த ரஜினிகாந்த், அப்போது தமிழ்த் திரையின் உச்சத்தில் இருந்தார். அவர் சண்டை போடுவதைப் பார்க்கவே டிக்கெட் வாங்கிக்கொண்டு வந்த கூட்டத்தை, அவர் சண்டையைத் தவிர்ப்பதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்கச் செய்கிறது இந்தத் திரைக்கதை. வணிகப் படம் ஒன்று எடுக்கக்கூடிய ஆபத்தான முடிவுகளில் இது ஒன்று. கூட்டத்தை மகிழ்விப்பதைத் தவிர வேறு நோக்கமில்லாத படம் இந்த வழிக்கே வந்திருக்காது.

அந்த நீண்ட காத்திருப்பை அலுப்பில்லாமல் நடத்திச் செல்லும் உத்திதான் படத்தின் மிகச் சிறந்த கைவேலை. மாணிக்கத்தின் வலிமையை அவன் செயலில் காட்டாமல், மற்றவர்கள் முகத்தில் காட்டுகிறார்கள். தம்பியின் வேலை விஷயமாகக் காவல்துறை உயர் அதிகாரியின் அறைக்குள் அவன் நுழையும்போது, சாதாரண ஆட்டோக்காரனைப் பார்த்து அந்த அதிகாரி ஏன் அப்படி உறைந்துபோகிறார் என்பதைப் படம் விளக்குவதில்லை. தங்கையின் மருத்துவக் கல்லூரி இடத்துக்காக நிர்வாகியைப் பார்க்கப் போகும் காட்சி இந்த உத்தியின் உச்சம். மாணிக்கம் முதலில் பணிவாகப் பேசிப் பார்க்கிறான். பலிக்கவில்லை. தனக்கு இன்னொரு பெயரும் உண்டு என்று தொடங்குகிறான். அந்த இடத்தில் கேமரா அறைக்கு வெளியே வந்து, கண்ணாடிக்கு இந்தப்புறம் நிற்கும் தங்கையோடு நின்றுவிடுகிறது. என்ன பேசினான் என்பது நமக்குக் கேட்காது. அவன் உடல் நிமிர்வதும், எதிரே இருப்பவர் வெலவெலத்துப் போவதும் மட்டும் தெரிகின்றன. வசனத்துக்குப் பெயர்பெற்ற ஒரு படம், பாலகுமாரன் போன்ற எழுத்தாளர் வசனம் எழுதிய படம், தன் முக்கியமான பேச்சு ஒன்றைப் பார்வையாளருக்குக் கேட்காமல் வைத்திருக்கிறது. மலிவான படத்துக்கு இந்த நம்பிக்கை வராது. பார்ப்பவரின் கற்பனை தன் வேலையைச் செய்யும் என்று தெரிந்தவர்களே இப்படி எடுக்க முடியும்.

அடுத்து கம்பத்துக் காட்சி. தம்பியின் மீது வஞ்சம் தீர்க்க வரும் ரவுடி இந்திரனிடம், தம்பிக்குப் பதிலாகத் தன்னை அடிக்கும்படி கேட்டு, கம்பத்தில் கட்டுண்டு அடி வாங்குகிறான் மாணிக்கம். அவனோடு வாழும் பழைய கூட்டாளிகள் கண் சிவக்கப் பார்க்கிறார்கள். அவன் பார்வையாலேயே அவர்களை அடக்குகிறான். இந்தக் காட்சியில் வன்முறை முழுக்க எதிரி பக்கம் இருக்கிறது. அதிகாரம் முழுக்கக் கட்டுண்டவன் பக்கம் இருக்கிறது. கையை அசைக்கவே முடியாத நிலையில் இருப்பவன்தான் இந்த இடத்தின் எஜமான் என்பதை ஒரு வார்த்தை இல்லாமல் சொல்லிவிடுகிறார்கள். அதன் பிறகு தங்கையின் மீது கை வைக்கப்படும்போது பொறுமை உடைகிறது. தம்பியை உள்ளே போகச் சொல்லும் அந்த ஓர் அதட்டலில், இவ்வளவு நேரம் சேர்த்து வைத்த அத்தனையும் வெளியே வருகிறது. அடித்தவன் பறக்கிறான், விளக்குகள் சிதறுகின்றன, இசை முழங்குகிறது. மிகைதான். ஆனால் இந்த மிகைக்கு முன்பணம் ஏற்கெனவே கட்டியாகிவிட்டது. அதே சண்டை முதல் பத்து நிமிடத்தில் வந்திருந்தால் வெறும் சத்தமாக முடிந்திருக்கும்.

இந்தியிலிருந்து எடுத்த கதை என்ற குற்றச்சாட்டுக்கும் விடை இந்த அமைப்பிலேயே கிடைக்கிறது. முகுல் ஆனந்த் இயக்கி, அமிதாப் பச்சன் நடித்து 1991-ல் வந்த ‘ஹம்’ இதற்கு மூலம் என்பதை மறுக்க வேண்டியதில்லை. ரஜினிகாந்தே அதில் தம்பிகளில் ஒருவராக, காவல் அதிகாரியாக நடித்தார். ஆனால் ‘ஹம்’ கதையைக் காலவரிசையில் சொல்கிறது. பம்பாய்த் துறைமுகத்தில் மாமூல் வசூலிக்கும் டைகரை முதலில் காட்டிவிட்டு, அவன் பெயர் மாறி ஊட்டியில் அமைதியாக வாழ்வதைப் பிறகு காட்டுகிறது. ‘பாட்ஷா’ அந்த வரிசையைத் தலைகீழாக்குகிறது. அமைதி முன்னால் வருகிறது, மாணிக்கம் பம்பாய்த் தாதா பாட்ஷாவாக இருந்த காலத்தின் புயல் பின்னால் வருகிறது. இந்த ஒரு மாற்றத்தால் கதையின் தன்மையே வேறாகிவிடுகிறது. ‘ஹம்’ படத்தில் நாம் பார்ப்பது ஒரு முரடன் திருந்தி வாழ்வதை. ‘பாட்ஷா’வில் பார்ப்பது ஒருவன் தன்னைத்தானே ஒவ்வொரு நாளும் கட்டிப்போட்டுக்கொள்வதை. கடன் வாங்கிய கருவைத் தன்னுடையதாக்கிக்கொள்வது என்பது இதுதான். பிற்காலத்தில் தென்னிந்தியப் படங்கள் பின்பற்றியதும் ‘பாட்ஷா’ போட்ட இந்த வரிசையைத்தான்.

பில்டப் என்று இகழப்படும் விஷயத்துக்கு வருவோம். நாயகனின் நடைக்கு ஒரு இசை, திரும்புவதற்கு ஒரு இசை, அவன் வருவதற்கு முன்பே அவன் பெருமையைச் சொல்ல நான்கு பேர் என்பது செயற்கையாக இல்லையா என்று கேட்கிறார்கள். செயற்கைதான். நம் ஊர்க் கலைகள் வெகுகாலமாக விரும்பிக் கையாண்ட செயற்கை அது. தெருக்கூத்தில் ராஜா வேஷம் சும்மா வந்து நிற்பதில்லை. கட்டியங்காரன் வரவு சொல்வான், திரை பிடிப்பார்கள், திரைக்குப் பின்னால் நின்றே வேஷக்காரர் பாடுவார், திரை விலகும்வரை கூட்டம் காத்திருக்கும். நாயகன் வருகையை ஒரு சடங்காக்கும் இந்த முறை சினிமாவுக்கு முன்பே நம்மிடம் இருந்தது. கதையும் அப்படித்தான். பாண்டவர்களின் அஞ்ஞாத வாசத்தை நம் கிராமங்கள் விடிய விடியப் பார்த்திருக்கின்றன. விராடன் அரண்மனை மடைப்பள்ளியில் சமையற்காரனாக ஒளிந்திருக்கும் பீமன், திரௌபதி அவமானப்படுவதைப் பார்த்தும் தருமனுக்குக் கட்டுப்பட்டுப் பல்லைக் கடித்து நிற்கிறான். பிறகு கீசகனை முடிக்கிறான். அவன் பீமன் என்பது அரண்மனையில் யாருக்கும் தெரியாது. பார்க்கும் ஊருக்கே தெரியும். ‘பாட்ஷா’வின் இன்பமும் இதே இடத்தில் இருக்கிறது. என்ன நடக்கும் என்ற கேள்வி இங்கே இல்லை, எப்போது நடக்கும் என்பதே கேள்வி. திடுக்கிடும் திருப்பம் ஒரு தடவை பார்த்ததும் தீர்ந்துபோகும். தெரிந்த ஒன்றுக்காகக் காத்திருக்கும் சுகம் தீர்வதில்லை. இத்தனை ஆண்டுகளாக மறுபடி மறுபடி பார்க்கப்படுவதன் காரணம் இதுவே.

லாஜிக் பற்றிய கேள்விக்கும் இதையொட்டியே விடை சொல்லலாம். பம்பாயையே ஆட்டிவைத்தவனைச் சென்னையில் எவரும் அடையாளம் காணாதது எப்படி, இத்தனை பழைய ஆட்கள் கூடவே இருந்தும் வீட்டில் ஒருவருக்கும் சந்தேகம் வராதது எப்படி என்று கேட்டால், நடப்பு வாழ்க்கையில் நடக்காது என்பதுதான் நேர்மையான பதில். ஆனால் கலையை நடப்பு வாழ்க்கையை வைத்து மட்டும் அளக்கும் பழக்கம் நம் இலக்கண மரபிலேயே கிடையாது. தொல்காப்பியம் நாடக வழக்கு, உலகியல் வழக்கு என்று இரண்டையும் ஏற்றுக்கொள்கிறது. நாடக வழக்கில் எழுந்த படைப்பிடம் கேட்க வேண்டியது, அது தனக்குத் தானே விதித்துக்கொண்ட நெறியில் நிற்கிறதா என்பதையே. மாணிக்கம் ஏன் அடங்கிப் போகிறான்? தந்தைக்குக் கொடுத்த வாக்கு. எப்போது உடைகிறான்? குடும்பத்தின் மீது கை விழும்போது. அந்த வாக்கைக் கொடுக்க நேர்ந்தது ஏன்? தன் வழியால் தந்தையை இழந்ததால். உணர்ச்சியின் காரண காரியம் முதலிலிருந்து கடைசிவரை அறுபடவில்லை. பார்ப்பவர் ஊசலாடாமல் நம்புவது இந்தச் சங்கிலியை நம்பித்தான்; ஊர், தேதி, போலீஸ் நடைமுறை ஆகியவற்றை நம்பி அல்ல.

ரஜினிகாந்த் இல்லையென்றால் ஒன்றுமில்லை என்ற வாதம் கேட்பதற்கு வலுவாக இருக்கிறது. சோதித்துப் பார்த்தால் நிற்பதில்லை. அதே ரஜினிகாந்த், அதே சுரேஷ் கிருஷ்ணா 2002-ல் ‘பாபா’ எடுத்தார்கள். ஸ்டைல் இருந்தது, முத்திரை இருந்தது, எதிர்பார்ப்பு ‘பாட்ஷா’வைவிடப் பல மடங்கு இருந்தது. படம் தோற்றது. மறுபுறம், 2001-ல் கன்னடத்தில் விஷ்ணுவர்தன் நடிக்க ‘கோட்டிகொப்பா’ என்று ‘பாட்ஷா’ மறுபடி எடுக்கப்பட்டபோது, ரஜினிகாந்த் இல்லாமலே அது பெரிய வெற்றி பெற்றது. நட்சத்திரம் இருந்தும் கட்டுமானம் இல்லாதபோது சரிந்தது, நட்சத்திரம் மாறியும் கட்டுமானம் இருந்தபோது நின்றது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது. ரஜினிகாந்தின் பங்கைக் குறைப்பதற்காக இதைச் சொல்லவில்லை. தன் வேகத்துக்குப் பெயர்பெற்றவர், தோளைச் சற்றே குறுக்கி, கண்ணைத் தாழ்த்தி, சிரிப்பை மெலிதாக்கி நடித்த முதல் பாதி அவர் வாழ்வின் நல்ல நடிப்புகளில் ஒன்று. எதிரே ரகுவரன். மார்க் ஆண்டனியை அவர் கத்திக் கத்தி நடிக்கவில்லை. நிதானமான குரல், அளந்து வைக்கும் பேச்சு, திடீரென்று வெடிக்கும் ஆத்திரம். நாயகனைப் போலவே வில்லனும் அடக்கி வைக்கத் தெரிந்தவனாக இருப்பதால்தான் இருவரும் நேருக்கு நேர் நிற்கும் காட்சிகளில் அனல் இருக்கிறது.

எல்லாவற்றையும்விடக் கனமான குற்றச்சாட்டு, படம் தாதாவைத் தெய்வமாக்குகிறது என்பது. இதை எளிதாகத் தள்ளிவிட முடியாது. பம்பாய்ப் பகுதியில் கோட்டும் கறுப்புக் கண்ணாடியுமாக, கூட்டம் புடைசூழ மாணிக் பாட்ஷா நடந்து வரும்போது கேமரா அவனை வணங்குகிறது. ஏழைகளைக் காப்பவன் என்ற நியாயம் சேர்ந்ததும், சட்டத்தைக் கையில் எடுப்பது புண்ணியமாகவே தெரிகிறது. ஆனால் அதே படம் அந்த வாழ்வுக்கு ஒரு கணக்கும் வைத்திருக்கிறது. நண்பன் அன்வர் பாட்ஷாவின் சாவில் தொடங்கிய பாதை தந்தையின் சாவில் முடிகிறது. அதிகாரத்தின் உச்சியில் இருப்பவனைப் பார்த்துத் தந்தை பெருமைப்படவில்லை. வெட்கப்படுகிறார், விட்டுவிடச் சொல்கிறார். பாட்ஷா செத்ததாக ஊர் நம்பினால்தான் மாணிக்கத்தின் குடும்பம் வாழ முடியும் என்ற நிலையில் கதையின் முதல் பாதி முழுவதும் நிற்கிறது. கண்ணுக்குக் கவர்ச்சியையும் கருத்துக்கு எச்சரிக்கையையும் ஒரே சமயத்தில் கொடுப்பதால், கவர்ச்சியே மனத்தில் அதிகம் தங்குகிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன். எச்சரிக்கையே இல்லை என்று சொல்வதை ஏற்க மாட்டேன்.

இதோடு சேர்த்து, விமர்சகர்கள் போதிய அளவு கவனிக்காத ஒன்றையும் சொல்ல வேண்டும். மாணிக்கம் பாட்ஷா ஆவது, கொல்லப்பட்ட முஸ்லிம் நண்பனின் பெயரைத் தன் பெயரோடு சேர்த்துக்கொண்டுதான். கதை நடக்கும் இடம் பம்பாய். படம் வந்த காலம், 1992 டிசம்பரிலும் 1993 ஜனவரியிலும் அந்த நகரம் மதக் கலவரத்தில் எரிந்து, 1993 மார்ச்சில் குண்டுவெடிப்புகளைக் கண்டு, காயம் ஆறாதிருந்த காலம். அப்போது ஓர் இந்து நாயகன் முஸ்லிம் நண்பனின் பெயரைச் சுமந்து நிற்பதையும், அந்தப் பெயரே படத்தின் பெயராகி, தமிழ்நாட்டுச் சுவர்களில் எல்லாம் எழுதப்பட்டு, திரையரங்கில் கோஷமாக எழுந்ததையும் சின்ன விஷயமாக நான் எண்ணவில்லை. படம் இதைப் பற்றிப் பிரசங்கம் செய்வதில்லை. நட்பின் இயல்பான நீட்சியாகவே காட்டிவிட்டு நகர்ந்துவிடுகிறது. நல்லிணக்கம் பற்றி வசனம் வசனமாகப் பேசிய படங்கள் பல மறக்கப்பட்டுவிட்டன. அந்தப் பெயர் மட்டும் நிலைத்துவிட்டது.

திரைக்கு வெளியே நடந்த அரசியலையும் படத்தின் தலையில் ஏற்றுவதுண்டு. படத்தின் வெற்றி விழா மேடையில், தயாரிப்பாளரும் அன்றைய அமைச்சருமான ஆர்.எம்.வீரப்பன் இருக்கும்போதே, தமிழகத்தில் வெடிகுண்டுக் கலாசாரம் தலைதூக்குவதாக ரஜினிகாந்த் பேசினார். அதன் தொடர்ச்சியாக வீரப்பன் அமைச்சர் பதவியை இழந்தார். 1996 தேர்தலில் ரஜினிகாந்தின் குரல் தி.மு.க., த.மா.கா. கூட்டணிக்கு ஆதரவாக ஒலித்தது. திரையில் காப்பவன் நிஜத்திலும் காப்பான் என்ற மயக்கத்தை இந்தப் படம் ஊட்டியது என்ற விமர்சனத்தில் உண்மை இருக்கிறது. ஆனால் அந்த மயக்கம் ‘பாட்ஷா’வுக்கு வெகுகாலம் முந்தியது; தமிழ்த் திரையும் அரசியலும் அதற்கு முன்பே பின்னிப் பிணைந்துவிட்டன. வாக்காளரின் எதிர்பார்ப்புக்கு ஒரு படத்தின் திரைக்கதையைப் பொறுப்பாக்குவது, படத்தையும் வாக்காளரையும் சேர்த்தே குறைத்து மதிப்பிடுவதாகும்.

எதையும் மறைக்காமல் எடை போட்டால், தட்டில் வைக்க வேண்டிய உண்மையான குறைகள் வேறு. நக்மா ஏற்ற பிரியா பாத்திரத்துக்குத் தனக்கென்று ஒரு வாழ்வே இல்லை. பாட்டுக்கும் காதலுக்கும் வேண்டியபோது வருகிறாள், கதை சூடு பிடித்ததும் ஓரத்துக்குப் போய்விடுகிறாள். தங்கைகளும் அம்மாவும் காக்கப்பட வேண்டியவர்களாக மட்டுமே இருக்கிறார்கள். ஒரு பெண்ணின் அவமானம் ஆணின் கோபத்துக்குத் தீப்பொறியாக மட்டும் பயன்படுவது, கீசகன் கதையிலிருந்து வந்த பழைய வழக்கம் என்றாலும், பழையது என்பதால் சரியாகிவிடாது. அதிலும் ஒரு வேறுபாடு உண்டு. கூத்தில் திரௌபதி தன் நியாயத்தைத் தானே உரக்கக் கேட்கிறாள். இங்கே தங்கைக்கு அந்தக் குரல்கூடக் கிடைக்கவில்லை. அடுத்த குறை, பம்பாய்ப் பகுதி முடிந்த பின் வரும் கடைசிப் பகுதி. ரகசியம் வெளிப்பட்டதும் படத்தின் உயிர்நாடியான அடக்கம் தீர்ந்துவிடுகிறது. மிச்சம் இருப்பது வழக்கமான கடத்தலும் மீட்பும் துப்பாக்கியும்தான். இந்தச் சரிவே என் வாதத்துக்கு இன்னொரு சான்று. அடக்கி வைக்க எதுவும் இல்லாத நிமிடங்களில் ‘பாட்ஷா’வும் மற்றப் படங்களைப் போலவே ஆகிவிடுகிறது.

‘பாட்ஷா’வின் மீது விழும் வசையில் பெரும்பகுதி அதன் வாரிசுகள் சம்பாதித்துக் கொடுத்தது. 1999-ல் தெலுங்கில் வந்த ‘சமரசிம்ஹா ரெட்டி’ தொடங்கி, தமிழில் 2004-ல் ‘ஜனா’, 2015-ல் ‘வேதாளம்’ வரை, சாதுவாக வாழ்கிறவனுக்குப் பின்னால் பயங்கரமான ஒரு கடந்தகாலம் என்ற சட்டகம் எத்தனையோ முறை பயன்படுத்தப்பட்டது. அவற்றில் பல, மூலத்தின் கடினமான பாதியை விட்டுவிட்டு எளிய பாதியை எடுத்துக்கொண்டன. கோட்டு, கண்ணாடி, மெதுவான நடை, முழங்கும் இசை ஆகியவற்றை யார் வேண்டுமானாலும் நகல் எடுக்கலாம். நட்சத்திரத்தைப் பாதிப் படம்வரை கை கட்டி நிற்கவைப்பதற்கும், முக்கியமான வசனத்தைக் கண்ணாடிக்குப் பின்னால் ஒளித்து வைப்பதற்கும் நெஞ்சுரம் வேண்டும். இன்று வரும் பெரிய நாயகர் படங்களில் அறிமுகக் காட்சியிலேயே இருபது பேர் பறக்கிறார்கள். அதற்கு மேல் போக இடமில்லாமல் அடுத்த இரண்டு மணி நேரம் சத்தத்தை மட்டும் கூட்டுகிறார்கள். அவற்றைப் பார்த்துச் சலித்த விமர்சகரின் கோபம் நியாயமானது. அந்தக் கோபத்தை ‘பாட்ஷா’மீது திருப்புவதுதான் தவறு. வணிக சினிமாவைத் திருத்த விரும்புகிறவர் அதைக் கைவிட வேண்டியதில்லை, அதன் சிறந்த படங்களையே அளவுகோலாக எடுத்துக்கொண்டால் போதும். நாயகன் ஒருவன் கையை ஓங்கும்போது, ஓங்காமல் இருந்த நேரத்தில் அந்தப் படம் என்ன சேர்த்து வைத்தது என்று கேட்க வேண்டும். இந்தக் கேள்விக்குத் தமிழ் வணிக சினிமாவில் இதுவரை கிடைத்த பதில்களில் மிக நிறைவான ஒன்று ‘பாட்ஷா’.